பாசிக்கு அடியில் இருந்த இடைவெளி

மரங்களைத் தொட்டியில் குறுக்கி வளர்த்து விற்கும் இந்தப் போன்சாய்த் தொழிலில் விற்ற மரம் திரும்பி வருவது புதிதல்ல. இலை கொட்டி வரும், வேர் அழுகி வரும், மாவுப்பூச்சி ஏறி வரும்; வாங்கியவர் தண்ணீரைக் கூட்டியோ குறைத்தோ விட்டிருப்பார், அல்லது வெயில் படாத மூலையில் வைத்திருப்பார். நாங்கள் வாங்கி வைத்து, சில மாதங்கள் தேற்றித் திருப்பிக் கொடுப்போம். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முதிய பெண்மணி இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்த, கல்மேல் வேர் படர்ந்த இத்தி மரத்துக்கு (அத்தி இனம்) எந்த நோயும் இல்லை. இலைகள் பளபளவென்று இருந்தன. கிளை நுனிகளில் புதுக்குருத்து சுருண்டு நின்றது. அவர் தொட்டியை மேசைமீது வைத்து, தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையின் இரண்டு விரல்களால் கல்லைத் தொட்டு அசைத்தார். மரம் அசையவில்லை, வேர்களும் அசையவில்லை. அவற்றுக்கு நடுவே கல் மட்டும், விழப்போகும் பால்பல்லைப் போல முன்னும் பின்னும் ஆடியது. “இது கல்லைப் பிடிக்கவே இல்லையே, தம்பி” என்றார். குரலில் கோபம் இல்லை. எட்டு மாதங்கள் அந்த மரத்தைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர், தான் ஏதும் தவறு செய்துவிட்டோமோ என்று கேட்பதைப் போல இருந்தது.

தவறு அவருடையது அன்று. கல்லைப் போர்த்தியிருந்த பாசியை விலக்கிப் பார்க்காமலே எனக்கு அது தெரியும். அந்த மரத்தை வாங்கிய நாளில் அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இது எத்தனை வருஷத்து மரம்?” நான் “ஆறு வருஷம், அம்மா” என்றேன். அதில் பொய் இல்லை. குச்சி நட்டு வேர்விட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் சரியாக ஆறு ஆண்டுகள். ஆனால் அந்த மரம் கல்லின்மீது ஏறிப் பதினான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர் கண்ணில் பட்டது மரத்தின் வயது அன்று. கல்லை அணைத்துக்கொண்டு இறங்கும் வேர்களைப் பார்த்துத்தான் அவர் வயதைக் கேட்டார். அந்த வேர்களுக்கு வயது ஒன்றேகால் கூட இல்லை. இதை அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாரும் சொல்வதில்லை என்பது அப்போது எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

அவர் போன பிறகு அந்தத் தொட்டியை என் வேலை மேசையிலேயே வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை: கல்மேல் வேர் படர்ந்த ஒரு மரத்தை எப்போது விற்கலாம்? எந்த நாளில் அது, கல்லோடு கட்டி வைக்கப்பட்ட மரம் என்ற நிலையிலிருந்து, கல்லைப் பிடித்த மரம் என்ற நிலைக்குப் போகிறது?

கல்லேறிய நாள்

மற்ற போன்சாய் வடிவங்களில் இந்தச் சிக்கல் இல்லை. நேராக நிற்கும் மரம், சாய்ந்த மரம், அருவிபோல் தொங்கும் மரம் எல்லாவற்றுக்கும் ஒரே வயதுதான். அதைத் தண்டின் பருமனும் பட்டையும் கிளைகளின் கணுக்களும் ஓரளவுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கல்மேல் வேர் படரும் மரத்துக்கு மட்டும் இரண்டு வயது. ஒன்று மரம் பிறந்த நாளிலிருந்து எண்ணுவது. மற்றொன்று கல்லேறிய நாளிலிருந்து எண்ணுவது. ஜப்பானியர் இந்த வடிவத்தைச் செகிஜோஜு என்கிறார்கள். வேர் கல்லின்மேல் தொடங்கி, அதன் பக்கவாட்டில் இறங்கி, கீழே மண்ணுக்குள் போய்விட வேண்டும். கல்லின் பள்ளத்திலேயே மண் வைத்து மரத்தை அங்கேயே வாழவைப்பது வேறு வடிவம். அதை இஷிசுகி என்பார்கள். பின்னதில் கல்தான் தொட்டி. முன்னதில் மரம் கல்லைக் கடந்து மண்ணைத் தேடிப் போக வேண்டும். அந்தத் தேடலின் தடம்தான் நாம் பார்த்து வியக்கும் வேர்.

இயற்கையில் இது தற்செயலாகத் தொடங்குவது. பறவை எச்சத்தில் விழுந்த ஓர் அத்தி விதையோ இத்தி விதையோ பாறை வெடிப்பில் முளைக்கும். கையளவு தூசியில் உயிரைப் பிடித்துக்கொண்டு, நூல் போன்ற ஒரு வேரைக் கீழே அனுப்பும். அந்த நூல் மண்ணைத் தொட்ட பிறகுதான் மரத்துக்கு உணவு கிடைத்து, நூல் கயிறாகி, கயிறு வடமாகும். குறிஞ்சித் திணைப் பாடல் ஒன்றில், பாறையில் படர்ந்து இறங்கும் இத்தியின் வெண்ணிற வேர், மலையிலிருந்து இழியும் அருவியைப் போலத் தோன்றுகிறது. அந்த உவமையைப் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இந்த வடிவத்தில் பழகியவர்களுக்கு அதன் நுட்பம் புரியும். அருவி என்று தோன்ற வேண்டுமானால் வேர் பாறையைவிட்டு ஒரு விரற்கடை கூட விலகக் கூடாது. அருவி பாறையின் மேடு பள்ளங்களில் எப்படி வழிகிறதோ அப்படியே வழிந்திருக்க வேண்டும். நடுவில் பாலம்போல் எழும்பி நிற்கும் வேரைப் பார்த்து எந்தப் புலவருக்கும் அருவி நினைவுக்கு வந்திருக்காது. கம்போடியாவில் தா புரோம் கோயிலின் கற்சுவர்களைத் தழுவி இறங்கும் வேர்களின் படத்தைப் பார்த்தவர்களுக்கும் இது தெரியும். கல்லின் ஒவ்வொரு விளிம்பையும் அந்த வேர்கள் தம் உடம்பில் வாங்கியிருக்கும்.

இந்த ஒட்டுதல்தான் இவ்வடிவத்தின் உயிர். தொட்டிக்குள் இதைக் கொண்டுவருவதற்கு நாம் செய்யும் அத்தனை வேலையும் இயற்கையின் அந்த மெதுவான இறக்கத்தைச் சுருக்கித் தருவதற்குத்தான். சுருக்கலாம், தாண்டிக் குதிக்க முடியாது.

முதல் சில மாதங்கள்

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சீனாவில் 706-ஆம் ஆண்டில் அமைந்த இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், பணியாளர்கள் தட்டுகளில் சிறு கற்களும் செடிகளும் சேர்ந்த காட்சியை ஏந்தி வருகிறார்கள். கல்லும் செடியும் ஒரே தட்டில் அமர்வது அவ்வளவு பழைய எண்ணம். ஆனால் கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் அதன் அழகை மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இடுப்பை. மேலே அகன்று, நடுவில் சற்று ஒடுங்கி, கீழே தட்டையாக நிற்கும் கல்லை வேர்கள் பிடித்தால் விடாது; மேலே கூர்ந்து கீழே அகலும் கூம்புக் கல்லில் வேர்கள் வெறுமனே சாய்ந்துகொண்டிருக்கும். அடுத்து, மேற்பரப்பில் மேலிருந்து கீழே ஓடும் பிளவுகள் வேண்டும். ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கல்லில் வேருக்குப் பிடிமானம் இல்லை. நகத்தால் கீறினால் பொடியும் கல் வேண்டவே வேண்டாம். பத்து ஆண்டுகள் கழித்து மரம் தேறி நிற்கும்போது கல் கரைந்து போயிருக்கும். சுண்ணாம்புக்கல், அமில மண்ணை விரும்பும் அசேலியா போன்ற செடிகளின் இலையை மஞ்சளாக்கிவிடும். கடற்கரைக் கல்லில் உப்பு இருக்கும். கல் மரத்தைவிட நிறத்தில் கருத்திருந்தால் வேர் எடுப்பாகத் தெரியும் என்பதெல்லாம் பிறகு.

மரத்தைப் பொறுத்தவரை, வேர் விரைவாகத் தடிக்க வேண்டும். ஜப்பானில் டிரைடென்ட் மேப்பிள் என்ற மரம் இதற்கென்றே பிறந்தது போலப் பயன்படுகிறது. வெப்ப நிலங்களில் அத்தி இனங்கள் எல்லாமே நன்றாக வரும். அவற்றின் வேர்கள் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் ஒட்டி ஒன்றாகிவிடும் என்பது கூடுதல் நன்மை. பைன், ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களிலும் செய்யலாம், ஆயுள் வேண்டும். கன்றின் வேர் கல்லின் உயரத்தைத் தாண்டும் அளவு நீளமாக வேண்டும் என்பதால், ஓராண்டுக்கு முன்பே அதை உயரமான ஒரு குழாயில், மணல் மிகுந்த கலவையில் நட்டு வைப்பேன். ஈரத்தைத் தேடி வேர்கள் பக்கவாட்டில் சுற்றாமல் நேராக இறங்கும்.

கல்லில் ஏற்றும் நாள் எனக்கு இன்றும் கொஞ்சம் நடுக்கம் தரும் நாள். குழாயைப் பிளந்து, வேர்க்கொத்தை வாளித் தண்ணீரில் மூழ்கவிட்டு, மூங்கில் குச்சியால் சிக்கெடுக்க வேண்டும், தலை வாரிவிடுவதைப் போல, நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மேலே. மண் கரைந்ததும் பச்சை வேரின் அந்தக் குளிர்ந்த வாசனை எழும். பழைய பகுதி பழுப்பாகவும், நுனி பாலேட்டின் நிறத்திலும் இருக்கும். அப்போது அவை ஈர நூலைப் போல வளையும். சொன்ன இடத்தில் கிடக்கும். களிமண்ணும் மக்கிய தென்னை நார்க்கழிவும் நறுக்கிய பாசியும் சேர்த்துப் பிசைந்த சேற்றைக் கல்லின் பிளவுகளில் மெல்லியதாகப் பூசி, மரத்தைக் கல்லின் உச்சியில் குதிரைமேல் உட்காருவதைப் போல உட்கார வைத்து, ஒவ்வொரு வேரையும் எந்தப் பிளவில் இறக்குவது என்று முடிவு செய்து, விரலால் அழுத்தி, மேலிருந்து கீழாக நாரால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவேன். வேர் நுனிகள் மட்டும் கல்லுக்குக் கீழே வெளியே தொங்கும். பிறகு கல்லோடும் கட்டோடும் சேர்த்து, கழுத்துவரை ஆழமான மரப்பெட்டியில் புதைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒரு பெட்டியும் அதில் ஒரு கன்றும்தான்.

இங்கேதான் நான் அந்த அம்மாவின் மரத்தில் கோட்டைவிட்டேன். வேர் நீள்வது அதன் நுனியில் மட்டும். நுனிக்குப் பின்னால் இருக்கும் பகுதி இனி இடம் மாறாது, தடிக்க மட்டுமே செய்யும். ஆகவே கட்டிய அன்று கல்லைவிட்டு எழும்பி நின்ற வேர், எத்தனை ஆண்டுகள் ஆனாலும் கல்லை நோக்கி இறங்கி வராது. நூலிழை அளவு இடைவெளியைப் பருமன் வந்து நிரப்பிவிடும். விரல் நுழையும் இடைவெளி அப்படியே மரமாகி நின்றுவிடும். நூலைப் போல வளைந்த வேர், சில பருவங்கள் கழிந்ததும் குச்சியைப் போல விறைத்துவிடுகிறது. பிறகு அழுத்தினால் ஒடியும். கல்லின் பின்பக்கத்தில் ஒரு குழிவு இருந்தது. அதில் சேற்றை நிரப்பி அதன்மேல் இரண்டு வேர்களைக் கொண்டுபோயிருந்தேன். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சேறு கரைந்து வெளியேறி, அந்த இரண்டு வேர்களும் வெற்றிடத்தின்மேல் பாலமாக நின்றுவிட்டன. பெட்டிக்குள் இருந்ததால் எனக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தால் கட்டை அவிழ்த்துத் திருத்தியிருக்கலாம் என்று எழுத விரல் துடிக்கிறது. ஆனால் உண்மை வேறு. பதினான்காம் மாதம் பெட்டியிலிருந்து எடுத்தபோது அது என் கண்ணில் பட்டது. பாசியை எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினேன்.

பாசி எதற்கு

பாசியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புதிதாக வெளிச்சத்துக்கு வந்த வேருக்கு அது தேவையான மருந்து. மண்ணுக்குள் இருந்தவரை ஈரத்திலேயே வளர்ந்த வேர், திடீரென்று காற்றும் வெயிலும் பட்டால் காய்ந்து சுருங்கிவிடும். கல்லும் வெயிலில் சூடேறி, தன்மேல் படுத்திருக்கும் வேரை வாட்டும். அதனால்தான் புதைத்த கல்லை ஒரே நாளில் வெளியே எடுப்பதில்லை. மேலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணை நீக்கி, அந்தப் பகுதியில் இருக்கும் சல்லிவேர்களைக் கத்தரித்து, பாசி போர்த்தி, சில மாதங்கள் விட வேண்டும். வேரின் தோல் தடித்து நிறம் மாறிய பிறகு பாசியை நீக்கி, அடுத்த இரண்டு சென்டிமீட்டருக்கு இறங்க வேண்டும். மேலே சல்லிவேர் போனதால் மரம் கீழே உள்ள நுனிகளையே நம்பி அவற்றுக்கு வேலை கொடுக்கும்; நடுவில் இருக்கும் வேர்த்தண்டு குழாயைப் போலத் தடிக்கும். இப்படிப் படிப்படியாக இறங்கி அடிவரை வருவதற்கு, விரைவாக வளரும் அத்தியிலேயே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விடும். மற்றவற்றில் ஐந்து ஆண்டுகள்கூட ஆகும்.

ஆனால் அதே பாசி விற்பனை மேசையில் போர்வையாகிவிடுகிறது. பசும்பாசி போர்த்திய கல்லும் அதன்மேல் சிறு மரமும் பார்ப்பவரை அப்படியே நிறுத்திவிடும். பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் விலக்கிப் பார்ப்பதில்லை. படத்தில் வாங்குபவருக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். நாரை மறைக்கப் பாசி, கம்பியை மறைக்கப் பாசி, கல்லோடு பசையால் ஒட்டிய தடத்தை மறைக்கப் பாசி என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். பசை ஒட்டியவரைக் கண்டால் முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்த அம்மாவின் மரத்துக்குப் பிறகு அந்தக் கோபத்தை அவ்வளவு உரிமையோடு என்னால் கொள்ள முடியவில்லை. அவர்கள் பசையில் செய்ததை நான் நாரில் செய்திருந்தேன். நார் மட்கும். அது மட்கிப் போவதற்குள் வேர் கல்லைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் நார் கட்டுவதன் கணக்கே. மெலிந்த வேரோடு விற்றுவிட்டால், வாங்கியவர் வீட்டில் நார் மட்கும் நாளில் கட்டும் போய், பிடியும் இல்லாமல், கல் ஆடத் தொடங்கும். எட்டாம் மாதம் ஆடியது.

அழகும் பருமனும்

அவர் வீட்டில் அந்த வேர்கள் தடித்திருக்கலாமே என்று கேட்கலாம். தடிக்காது. இந்தத் தொழிலின் மையமான முரண் இதுதான், வாங்குபவர்களிடம் நாம் அதிகம் சொல்லாததும் இதுதான். வேரின் பருமன் மேலே இருக்கும் இலைகளின் அளவைப் பொறுத்தது. இலை செய்யும் உணவு தண்டின் வழியாக இறங்கி வேரை அடையும் வழியில்தான் வேரைத் தடிக்கச் செய்கிறது. கிளைகளை வெட்டாமல் ஆள் உயரத்துக்கு ஓடவிட்டால் ஓராண்டில் வேர் இரட்டிப்பாகும். ஆனால் அப்படி ஓடவிட்ட மரம் பார்ப்பதற்குப் புதர் மாதிரி இருக்கும். அதைப் போன்சாய் என்று யாரும் நம்பமாட்டார்கள். மாறாக, கவாத்து செய்து, இலையைச் சிறிதாக்கி, ஆழமற்ற தட்டில் மாற்றி வைத்த அந்த நாளிலேயே மரம் கண்ணுக்கு அழகாகிவிடுகிறது, வேரும் அந்த நாளோடு நின்றுவிடுகிறது. தட்டில் வைத்த பிறகு அது தடிப்பதெல்லாம் மயிரிழை கணக்கு. ஆகவே பென்சில் பருமனில் வேர் இருக்கும்போது ஒரு மரத்தைத் தட்டுக்கு மாற்றுகிறவர், அதற்கு இனி என்றைக்கும் பென்சில் வேர்தான் என்று முடிவு செய்துவிடுகிறார். அந்த முடிவை எடுத்தவன் நான். அதன் விளைவோடு இருக்க வேண்டியவர் அவர்.

இந்தக் காத்திருப்பை ஒருவரே சுமப்பதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜப்பானில் வேலை பிரிந்திருக்கிறது. ஷிகோகு தீவில், தகமாட்சு நகரின் கினாஷி பகுதியில் பைன் மரங்கள் வயலில் வரிசை வரிசையாக ஆண்டுக்கணக்கில் வளர்கின்றன. 1923-ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை விட்டு வெளியேறிய தோட்டக்காரர்கள் 1925-இல் உருவாக்கிய ஓமியா போன்சாய் கிராமத்தின் தோட்டங்கள், தேறிய மரத்துக்கு வடிவம் கொடுப்பதில் பேர்பெற்றவை. வளர்ப்பவர் ஒருவர், முடிப்பவர் ஒருவர் என்று இருக்கும்போது, புதர்போல் நிற்கும் மரத்துக்கும் ஒரு சந்தை உண்டு. குச்சி நட்டு, கல்லேற்றி, பெட்டியில் புதைத்து, வடிவம் கொடுத்து, விற்பதுவரை ஒரே ஆள் செய்யும் சிறு பண்ணையில், பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு மரமும் முடங்கிக் கிடக்கும் முதல்தான். முடங்கிய முதல் நம்மை அவசரப்படுத்தும். எனக்கு அது தெரியும், அந்த அவசரத்தை நான் மதிக்கவும் செய்கிறேன். ஆனால் அதற்கான விலையை வாங்குபவர் தலையில் இறக்கி வைக்கக் கூடாது.

ஒன்றை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அமெரிக்காவின் தாவர இறக்குமதி விதிகளின்படி, அங்கே போகும் போன்சாய் மரங்கள் பதிவு பெற்ற பண்ணையில், வலைக்கூடத்துக்குள், தரையிலிருந்து 50 சென்டிமீட்டராவது உயர்ந்த மேசைமீது, குறைந்தது 2 ஆண்டுகள் வளர்ந்திருக்க வேண்டும். மரத்தைத் துளைக்கும் வண்டுகளும் மண்ணில் வாழும் பூச்சிகளும் கூடவே போய்விடக் கூடாது என்பது நோக்கம். பூச்சிக்காக 2 ஆண்டுகள் காத்திருக்கச் சட்டம் இருக்கிறது. வேர் கல்லைப் பிடிப்பதற்காகக் காத்திருக்க எந்தச் சட்டமும் இல்லை. அது வளர்ப்பவரின் மனத்துக்கே விடப்பட்டிருக்கிறது.

மறுபடி பெட்டிக்குள்

அந்த அம்மாவிடம் வேறு மரம் தருகிறேன் என்றேன், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். இரண்டும் வேண்டாம் என்றார். “இதே மரம்தான் வேணும். கல்லைப் பிடிச்ச பிறகு கொடுங்க” என்றார். எத்தனை காலம் ஆகும் என்று அவர் கேட்காததால், இந்த முறை நானே சொன்னேன்: மூன்று ஆண்டுகள் ஆகலாம், அம்மா. அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் மரத்தைத் தட்டிலிருந்து எடுத்து, மிச்சமிருந்த நாரை நறுக்கி நீக்கினேன். கல் கையோடு வந்துவிட்டது. ஏழு முதன்மை வேர்கள் வெற்றுக் கூண்டைப் போல விரிந்து நின்றன. அந்தக் காட்சியை மறக்க முடியாது. கல் இல்லாமலும் கல்லின் வடிவத்தை அவை ஓரளவு காட்டின. ஐந்து வேர்களில் இன்னும் வளைவு மிச்சமிருந்தது. குழிவின்மேல் பாலமாக நின்ற இரண்டும் விறைத்திருந்தன. அவற்றை அடியோடு வெட்டினேன். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மெல்லிய வேரை ஒதுக்கி, குழிவுக்குள்ளேயே வளைத்து, அடியில் பொருத்தி, இந்த முறை சேற்றை நம்பாமல் ஈரமான பாசி உருண்டையை வெளிப்புறமாக வைத்து வேரைக் கல்லோடு அழுத்திக் கட்டினேன். கல்லின் அடித்தட்டைச் சமப்படுத்தினேன். கழுத்துவரை மண்ணில் புதைத்து, கத்தரியைக் கையில் எடுக்காமல் இரண்டு ஆண்டுகள் விட்டேன். ஐந்தடி உயரத்துக்குக் கிளை ஓடியது. பண்ணைக்கு வருகிறவர்கள் “இது ஏன் இப்படிக் காடாகக் கிடக்கிறது?” என்று கேட்டார்கள்.

இதற்கிடையில் என் விற்பனை மேசை மாறியது. கல்லேறிய ஒவ்வொரு மரத்தின் சீட்டிலும் இப்போது இரண்டு நாள்கள் எழுதுகிறேன்: குச்சி நட்ட மாதம், கல்லேறிய மாதம். மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்தவற்றைத் தட்டில் வைத்து விற்பதில்லை. வேண்டுபவர்களுக்குப் பெட்டியோடே கொடுக்கிறேன், உள்ளே கல் எப்படி இருக்கிறது, எந்த வேர் எந்தப் பக்கம் போகிறது என்று கட்டும்போதே எடுத்த படத்தோடு. யாரும் வாங்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு அங்குலமாக மண்ணை நீக்கிக் கல் வெளிப்படுவதைத் தாமே பார்க்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் குறைவு என்றாலும். தட்டில் இருக்கும் முதிர்ந்த மரத்தை வாங்க வருகிறவரிடம் ஒரு கெட்டித் தாள் துண்டைக் கொடுத்து, வேருக்கும் கல்லுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சுற்றிவரப் பாருங்கள், பின்பக்கமும் பாருங்கள் என்கிறேன். முதலில் தயங்குகிறார்கள், ஏதோ மரியாதைக்குறைவு என்பதைப் போல. பிறகு குனிந்து ஒவ்வொரு வேராகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகளே வேறு. மரம் எத்தனை வயது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை. விற்பனை குறைந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. பெட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன, சில மாதங்கள் நெருக்கடியாகவும் இருக்கின்றன.

மூன்றாம் ஆண்டின் முடிவில் அந்த அம்மா வந்தார். நடுநடுவே இரண்டு முறை வந்து, கழுத்தளவு மண்ணில் கிடந்த மரத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருந்தார். இந்த முறை கல் முழுதாக வெளியே தெரிந்தது. வேர்கள் கட்டைவிரல் பருமனுக்கு வந்திருந்தன. கல்லின் விளிம்பு ஒன்றின்மேல் ஏறி இறங்கிய வேரில் அந்த விளிம்பின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. முன்பக்கத்தில் இரண்டு வேர்கள் தொட்டு ஒன்றாகியிருந்தன. பாசி எங்கும் வைக்கவில்லை. தாள் துண்டை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தொட்டியை மெல்லத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு வேரின் ஓரத்திலும் தாளைச் செருகிப் பார்த்தார். நின்றது. அடுத்ததிலும் நின்றது. பின்பக்கம் திருப்பி, குழிவுக்குள் நான் வளைத்துவிட்ட அந்த மெல்லிய வேரிடம் வந்தார். அது குழிவுக்குள் நன்றாகவே ஒட்டியிருந்தது, ஆனால் கீழே மண்ணைத் தொடுவதற்கு முன் ஒரு விரற்கடை நீளத்துக்குத் தாள் தயக்கமில்லாமல் உள்ளே போனது.

தாளை வெளியே எடுத்து, அது போன ஆழத்தை நகத்தால் மடித்துக் குறித்தார். குறித்த தாளை என்னிடம் கொடுத்தார். “இது நிரம்பிடும்தானே?” என்றார். நூலிழை அளவுதான், பருமன் வந்து நிரப்பிவிடும், ஆனால் கிளையை இன்னும் ஒரு வருஷம் ஓடவிட வேண்டும் என்றேன். “சரி, விடுங்க. அடுத்த வருஷம் வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு, தண்டை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மரம் இப்போது கிழக்குப் பக்க மேசையில் இருக்கிறது. சீட்டில் கல்லேறிய மாதத்தின் கீழே, மறுபடி கல்லேறிய மாதத்தையும் எழுதியிருக்கிறேன். அவர் மடித்துக் கொடுத்த தாள் துண்டு அந்தச் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது.